விசில் அடிக்காத குக்கர்: எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில், வேலை பாண்டியில். காலையில் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அடுப்பு முன்னால் நின்று விசில் எண்ண முடியவில்லை என்பதால்தான் நாலு வருஷத்துக்கு முன்னால் எலக்ட்ரிக் பிரஷர் குக்கர் வாங்கினேன். அதற்கப்புறம் ஆபீஸிலோ தெருவிலோ சொந்தத்திலோ யார் வாங்கினாலும் முதல் போன் எனக்குத்தான். ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேருக்குத் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருந்ததை இங்கே எழுதி வைக்கிறேன், கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே. என்னுடையது 6 லிட்டர், 1000 வாட், ஸ்டீல் பாத்திரம். நேரக் கணக்கெல்லாம் அதில் சமைத்துப் பார்த்தது, உங்கள் குக்கரில் ஒன்றிரண்டு நிமிடம் முன்னே பின்னே இருக்கும்.

"இது ரைஸ் குக்கர்தானே அக்கா, பேரை மாத்தி விக்கிறாங்களா?"

இல்லை. ரைஸ் குக்கர் 100 டிகிரியில் கொதிக்க வைக்கும், தண்ணீர் வற்றியதும் பட்டன் டக்கென்று மேலே வந்துவிடும், அவ்வளவுதான். இதில் மூடி பூட்டிக்கொள்ளும், ரப்பர் ஆவியை வெளியே விடாது, அழுத்தம் ஏறுவதால் உள்ளே சூடு 115, 117 டிகிரி வரைக்கும் போகும். அடுப்புக் குக்கர் செய்கிற அதே வேலைதான், தீக்குப் பதிலாக அடியில் ஹீட்டர், தீயைக் குறைக்க நாம் நிற்பதற்குப் பதிலாக உள்ளே ஒரு சென்சார்.

வாங்கும்போது பெட்டியில் 'பிரஷர்' என்ற வார்த்தை இருக்கிறதா என்று பாருங்கள். 'மல்டி குக்கர்' என்று மட்டும் போட்டு விற்பதில் பிரஷர் இல்லாததும் உண்டு. என் சித்தி அப்படி ஒன்றை வாங்கிவிட்டு, கொண்டைக்கடலை ஒரு மணி நேரமாக வேகவில்லை என்று போன் செய்தார்.

"விசிலே வராதா? அப்போ வெந்துடுச்சுன்னு எப்படித் தெரியும்?"

வராது. மூடி மேலே சின்ன உலோகப் பின் ஒன்று இருக்கும், அதைத்தான் பார்க்க வேண்டும். ஆவி சேரச் சேர முதலில் அந்தப் பின் பக்கத்திலிருந்து லேசாகப் புஸ்ஸென்று ஆவி கசியும், ரெண்டு மூன்று சொட்டுத் தண்ணீர் நிற்கும், அப்புறம் பின் 'டிக்' என்று மேலே ஏறும், சத்தம் மொத்தமாக நின்றுவிடும். அந்த நிமிடத்தில் மூடி பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். அதற்குக் கொஞ்ச நேரம் கழித்து, அழுத்தம் முழுசாக ஏறிய பிறகுதான் நீங்கள் வைத்த 10 நிமிடம் ஓட ஆரம்பிக்கும்.

இதைத்தான் எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. 10 நிமிடம் என்று வைத்தால் 10 நிமிடத்தில் சாப்பாடு வராது. சூடேற 10 முதல் 15 நிமிடம், வேக 10 நிமிடம், ஆவி அடங்க இன்னொரு 10, 15 நிமிடம். மொத்தம் அரை மணிக்கு மேல். அடுப்புக் குக்கரை விட இது வேகமானது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாபம் என்னவென்றால் அந்த அரை மணி நேரமும் நீங்கள் குளிக்கலாம், பிள்ளைக்குத் தலை வாரலாம், சமையலறைப் பக்கமே வர வேண்டாம்.

"எனக்கு மூணு விசில், அஞ்சு விசில்னுதான் கணக்கு. அதை நிமிஷமா மாத்த வழி இருக்கா?"

சரியான வாய்ப்பாடு கிடையாது, ஏனென்றால் விசில் என்பதே நேரக் கணக்கு இல்லை. தீயைப் பெரிதாக வைத்தால் ரெண்டு நிமிடத்துக்கு ஒரு விசில், சிம்மில் வைத்தால் அஞ்சாறு நிமிடத்துக்கு ஒன்று. உங்கள் அம்மாவின் அஞ்சு விசிலும் உங்கள் மாமியாரின் அஞ்சு விசிலும் ஒன்றாக இருக்காது. இன்னொன்று, அடுப்புக் குக்கரில் வெயிட் தூக்குவது ஏறத்தாழ 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில், அப்போது உள்ளே 121 டிகிரி. எலக்ட்ரிக்கில் பெரும்பாலும் 10 முதல் 12 பி.எஸ்.ஐ. தான். அதனால் அடுப்பில் முதல் விசிலுக்குப் பிறகு எத்தனை நிமிடம் வைப்பீர்களோ, அதோடு மூன்றில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

என் கணக்கு இது. துவரம் பருப்பு 9 நிமிடம், பாசிப் பருப்பு 5, இரவு முழுக்க ஊறிய கொண்டைக்கடலை 15, ஊறிய காய்ந்த மொச்சை 12, முழு உருளைக்கிழங்கு 10, நடுத்தர பீட்ரூட் 18. பிராய்லர் கோழி 5 நிமிடம் போதும், நாட்டுக்கோழிக்கு 20, ஆட்டுக்கறிக்கு 20 முதல் 25. பண்ருட்டிப் பலாப்பழம் வருகிற சமயத்தில் சேர்த்து வைக்கும் பலாக்கொட்டைக்கு 10 நிமிடம், மேல்தோல் கையாலேயே உரிந்து வரும். எல்லாவற்றுக்கும் பிறகு குறைந்தது 10 நிமிடம் ஆவி தானாக அடங்க விடவும், கோழிக்கு மட்டும் 5 போதும். இதை ஒரு அட்டையில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு மாதத்தில் விசில் கணக்கு மறந்துவிடும்.

"எத்தனை லிட்டர் வாங்கட்டும்? வீட்டுல நாலு பேர்."

6 லிட்டர் (சிலதில் 5.7 என்று போட்டிருக்கும்). 6 லிட்டர் என்றால் 6 லிட்டரும் சமைக்கலாம் என்று இல்லை. உள்ளே கோடு இருக்கும், எதுவானாலும் மூன்றில் ரெண்டு பங்குக்கு மேல் போகக் கூடாது. அரிசி, பருப்பு, கேழ்வரகு மாதிரி பொங்கி நுரைக்கிறவை பாதிக்கு மேலே கூடாது. தனியாளாக அறை எடுத்துத் தங்கியிருப்பவருக்கு 3 லிட்டர் போதும்.

உள்பாத்திரம் ஸ்டீலா நான்ஸ்டிக்கா என்றால் நான் ஸ்டீல் என்றுதான் சொல்வேன். கறி எலும்பும் கரண்டியும் பட்டு நான்ஸ்டிக் பூச்சு ரெண்டு வருஷத்தில் கீறிப் போகும்.

"பிரான்ஸ்ல இருந்து மாமா ஒண்ணு கொண்டு வந்திருக்கார், இங்க போட்டா ஓடுமா? அமெரிக்காவுல இருந்து தங்கச்சி ஒண்ணு கொண்டு வரேங்கறா."

பாண்டியில் இந்தக் கேள்விக்குப் பஞ்சமே இல்லை. பிரான்சில் இருந்து வந்தது ஓடும். அங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். ஆனால் ப்ளக்கில் கவனம் வேண்டும். அது ரெண்டு உருண்டைப் பின் ப்ளக், நம் சாக்கெட்டின் மேல் ஓட்டைகளில் எப்படியாவது நுழைந்துவிடும், ஆனால் எர்த் சேராது. உலோக உடம்பு, உள்ளே தண்ணீர், ஈரக்கை என்று எல்லாம் சேர்கிற இடத்தில் எர்த் இல்லாமல் ஓட்டவே கூடாது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மூன்று பின் ப்ளக் மாற்றச் சொல்லுங்கள், மஞ்சளும் பச்சையும் கலந்த ஒயர்தான் எர்த்.

அமெரிக்காவில் வாங்கியது 120 வோல்ட். இங்கே நேரடியாகச் சொருகினால் ஹீட்டரில் ஏறத்தாழ மூன்றரை மடங்குக்கு மேல் பவர் பாயும், போட்ட உடனே போய்விடும். வோல்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம்தான், ஆனால் 1000 வாட்டுக்கு அது அம்மிக்கல் கனத்துக்கு இருக்கும், விலையும் அதிகம். தங்கச்சியிடம் வேறு ஏதாவது கொண்டு வரச் சொல்லுங்கள், குக்கர் இங்கே வாங்கிக்கொள்ளலாம்.

"எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டா போதாதா?"

வேண்டாம். 1000 வாட் என்றால் நாலரை ஆம்பியர் அளவுக்கு இழுக்கும், அதுவும் தொடர்ந்து பத்துப் பதினைந்து நிமிடம். மலிவான பாக்ஸில் ஒயர் மெல்லியது, உள்ளே பித்தளைத் தகடு தளர்ந்திருக்கும், சூடாகி உருகும். சுவரில் உள்ள சாக்கெட்டில் நேராகப் போடுங்கள், மிக்ஸியும் குக்கரும் ஒரே இடத்தில் வேண்டாம். நம் ஊர் உப்புக் காற்றில் ப்ளக் பின் சீக்கிரம் பச்சை பூத்துப் போகும், மாதம் ஒரு தடவை கழற்றிப் பார்த்து காய்ந்த துணியால் துடையுங்கள். சொருகும்போது ஆடுகிற சாக்கெட் என்றால் சாக்கெட்டை மாற்றிய பிறகுதான் குக்கர்.

மேலே கப்போர்டு இருக்கிற இடத்துக்குக் கீழே வைக்காதீர்கள். ஆவி நேராக மேலே அடித்து பிளைவுட் உப்பிக்கொள்ளும்.

"வாங்கின அன்னைக்கே சாம்பார் வைக்கலாமா?"

முதலில் வெறும் தண்ணீர். உள்பாத்திரத்தில் மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, ஆவி வால்வை மூடிய பக்கம் திருப்பி, 3 நிமிடம் பிரஷர் வையுங்கள். பின் எப்போது ஏறுகிறது, எந்தச் சத்தத்துக்குப் பிறகு நிமிடம் ஓடுகிறது, முடிந்ததும் எப்படி அடங்குகிறது என்று பக்கத்தில் நின்று பாருங்கள். புது ரப்பர் வாடையும் போய்விடும். பயந்துகொண்டு பரணில் தூக்கி வைத்தவர்கள் மூன்று பேரை எனக்குத் தெரியும். மூன்று பேருக்கும் இந்தத் தண்ணீர்ப் பரீட்சையை எதிரில் உட்கார்ந்து செய்து காட்டிய பிறகு பயம் போய்விட்டது.

"வெடிச்சிடுமா? உண்மையைச் சொல்லுங்க."

ஆவியை அடைத்துச் சமைக்கிற பாத்திரத்தை 1679இல் செய்து காட்டிய டெனிஸ் பாப்பின் என்ற பிரெஞ்சுக்காரரே அழுத்தம் மீறினால் ஆவியை வெளியே விடுகிற சேஃப்டி வால்வையும் சேர்த்துத்தான் கண்டுபிடித்தார். அந்தப் பயம் அவ்வளவு பழையது. இன்றைய குக்கரில் அழுத்தம் கூடினால் வால்வு தானாக விடும், சூடு கூடினால் கரண்ட் நிற்கும், பின் மேலே இருக்கிற வரை மூடி திரும்பாது.

விபத்து நடப்பது பெரும்பாலும் மூடியில்தான். பின் இறங்குவதற்கு முன் பலம் போட்டுத் திருப்புவது, கோட்டுக்கு மேலே நிரப்புவது, ஆவிக் குழாயில் பருப்புத் தோல் அடைத்திருப்பதைப் பார்க்காமல் விடுவது. சமைப்பதற்கு முன் மூடியைத் திருப்பிப் பிடித்து, ஆவிக் குழாயின் சின்னக் கம்பி மூடியைக் கழற்றி ஊதிப் பாருங்கள். அரை நிமிட வேலை. ரப்பரில் வெடிப்பு இருந்தால் அன்றைக்கு அடுப்புக் குக்கர்தான்.

"தண்ணி எவ்வளவு ஊத்தணும்? அடுப்புல ஊத்துற அதே அளவா?"

கொஞ்சம் குறைவு. அடுப்புக் குக்கரில் ஒவ்வொரு விசிலுக்கும் தண்ணீர் ஆவியாகப் போகிறது, இதில் பின் ஏறிய பிறகு ஒன்றும் போகாது. அதனால் குழம்புக்கு வழக்கமாக ஊற்றுவதில் கால் பங்கு குறையுங்கள், பற்றாவிட்டால் கடைசியில் சுடுதண்ணீர் சேர்க்கலாம். ஆனால் ஒரேயடியாகக் குறைக்கவும் முடியாது. 6 லிட்டர் குக்கருக்குக் குறைந்தது ஒன்றரை கப், அதாவது 375 மில்லி மாதிரி தண்ணியான திரவம் இருந்தால்தான் ஆவி கட்டும். கெட்டித் தேங்காய்ப்பாலும் தக்காளி விழுதும் இந்தக் கணக்கில் வராது.

"சாதம் ஒரு நாள் குழையுது, ஒரு நாள் விறைப்பா நிக்குது. என்ன தப்பு?"

முதலில் அளவுக் கோப்பையைப் பாருங்கள். குக்கரோடு வருகிற கோப்பை 160 முதல் 180 மில்லி, நம் வீட்டு டம்ளர் 200, 250 என்று இருக்கும். அரிசியை அதிலும் தண்ணீரை இதிலும் அளந்தால் தினமும் ஒரு மாதிரிதான் வரும். என் கொழுந்தனார் மனைவி மூன்று வாரம் சிரமப்பட்டது இதனால்தான். எந்தப் பாத்திரமானாலும் ஒன்றையே வைத்து அளக்கவும்.

பொன்னிப் பச்சரிசிக்கு ஒன்றுக்கு ரெண்டு தண்ணீர், 6 நிமிடம். பொன்னிப் புழுங்கலுக்கு அரை மணி ஊற வைத்து ஒன்றுக்கு ரெண்டரை, 12 நிமிடம். பழைய அரிசி என்றால் கால் கப் கூட. பாஸ்மதிக்கு ஒன்றுக்கு ஒன்றேகால் போதும், 5 நிமிடம். எல்லாவற்றுக்கும் பிறகு 10 நிமிடம் அப்படியே விட்டு, பின்னர் மிச்ச ஆவியைத் திறந்துவிடவும். உடனே திறந்தால் மேலே ஈரமும் அடியில் விறைப்புமாக இருக்கும்.

கஞ்சி வடித்துச் சாப்பிடுகிற வீடு என்றால் ஒன்றுக்கு நாலு தண்ணீர் வைத்து (பாதிக் கோடு நினைவிருக்கட்டும்), ஆவி முழுக்கத் தானாக அடங்கிய பிறகு வடிகட்டலாம். நடுவில் ஆவியைத் திறந்தால் கஞ்சி வால்வு வழியாகப் பீறிட்டுச் சுவரெல்லாம் தெறிக்கும்.

"ஆவியை நானே திறந்து விடணுமா, தானா அடங்கட்டுமா?"

திரவம் நிறைய, நுரைக்கிற சாமான், கறி: இவை மூன்றும் தானாக அடங்கட்டும். பருப்பை அவசரப்பட்டுத் திறந்தால் கஞ்சி மாதிரியே பீறிடும், கறியைத் திறந்தால் அழுத்தம் சட்டென்று விழுந்து நார் இறுகிவிடும். சீக்கிரம் வேகிற காய்கறி, முட்டை மாதிரி கூடுதலாக வெந்தால் கெட்டுப்போகிறவற்றுக்கு நேரம் முடிந்ததும் திறக்கலாம். கையால் நேராகத் தொடாதீர்கள், மரக்கரண்டிக் காம்பால் வால்வைத் தள்ளுங்கள், முகத்தைத் தள்ளி வையுங்கள். பின் கீழே விழுந்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும்.

"பதினஞ்சு நிமிஷமா ஆவி போயிட்டே இருக்கு, பின் மேல வரவே இல்ல."

பத்தில் ஏழு தடவை, வால்வு திறந்த பக்கம் இருக்கும். அடுத்து ரப்பர், கழுவிய பிறகு கம்பி வளையத்துக்குள் சரியாக அமுக்காமல் ஒரு இடத்தில் தூக்கிக்கொண்டிருக்கும். மூன்றாவது, பாத்திர விளிம்பில் ஒட்டிய சோற்றுப் பருக்கை. பின் குழியில் குழம்பு காய்ந்து ஒட்டியிருந்தாலும் பின் மேலே வராது, விரலால் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும்.

இப்படி ஆவி போன சமயத்தில் உள்ளே தண்ணீரும் குறைந்திருக்கும். சரி செய்துவிட்டு, அரை டம்ளர் சேர்த்த பிறகே மறுபடி போடவும்.

"திரையில பர்ன்னு வந்து நின்னுடுச்சு. குக்கர் போச்சா?"

குக்கருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடிப்பிடிக்கப் போகிறது என்று சொல்கிறது. கரண்டை நிறுத்துங்கள், பின் இறங்கியதும் திறந்து, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டி, கொஞ்சம் சுடுதண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி வையுங்கள். உண்மையிலேயே கருகியிருந்தால் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இது அடிக்கடி வருகிறது என்றால் தாளிப்பில்தான் கோளாறு. தாளிக்கும் மோடில் வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, மிளகாய்த்தூள் என்று வதக்கும்போது அடியில் மெல்லிசாக ஒரு படலம் ஒட்டும். அதன் மேலேயே தக்காளியைக் கொட்டி மூடினால் சென்சார் கத்தும். வதக்கி முடித்ததும் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, அந்தப் படலம் முழுக்கக் கரைந்து பாத்திரத்தின் அடி பளிச்சென்று தெரிகிற வரை சுரண்டுங்கள். பிறகு அரிசியோ கறியோ, கடைசியாகத் தக்காளி மேலே, அதைக் கிளறாமல் மூடுங்கள். பிரியாணிக்கு இந்த ஒன்று தெரிந்தால் போதும்.

"சோறும் பருப்பும் ஒரே நேரத்துல வைக்க முடியாதா? அடுப்புக் குக்கர்ல அடுக்கு வைப்போமே."

முடியும், நான் வாரத்தில் அஞ்சு நாள் செய்வது இதுதான். அடியில் பருப்பு, மஞ்சள்தூள், தண்ணீர், ஒரு சொட்டு நல்லெண்ணெய். அதன் மேலே கம்பித் தாங்கி. அதற்கு மேலே சின்ன ஸ்டீல் டப்பாவில் அரிசியும் அதற்கான தண்ணீரும். பச்சரிசி என்றால் டப்பாவில் வேக நேரம் கூடும் என்பதால் ரெண்டுக்கும் 9 நிமிடம் ஒத்துப்போகும். புழுங்கலுக்கு 12 வையுங்கள், பருப்பு நன்றாகக் குழைந்துவிடும், சாம்பாருக்கு அதுதானே வேண்டும்.

காயை இதில் போடாதீர்கள். முருங்கையும் கத்திரியும் 9 நிமிடத்தில் கரைந்து காணாமல் போகும். பருப்பு வெந்ததும் மூடியைத் திறந்து, தாளிக்கும் மோடில் காயும் புளியும் சேர்த்துக் கொதிக்கவிடலாம்.

"பருப்பு எத்தனை நிமிஷம் வச்சாலும் கல்லு மாதிரி இருக்கு."

மூன்று காரணம். புளியையோ தக்காளியையோ முதலிலேயே சேர்த்திருப்பீர்கள், புளிப்பு பருப்பை மசிய விடாது. அல்லது வருஷக்கணக்கான பழைய பருப்பு. இல்லையென்றால் தண்ணீர். கடலோரத்தில் போர் தண்ணீர் பல தெருக்களில் உப்பும் கடினமும்தான், அதில் உள்ள சுண்ணாம்புச் சத்து பருப்பின் தோலை இறுக்கிவிடும். ஒரு நாள் கேன் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் குற்றம் குக்கரில் இல்லை. கொண்டைக்கடலை ஊற வைக்கும்போது ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவும் உதவும்.

பாத்திரத்தின் அடியில் வெள்ளை வெள்ளையாகப் படிவதும் இதே தண்ணீரால்தான். எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரை ஊற்றி அஞ்சு நிமிடம் கொதிக்கவிட்டால் போய்விடும்.

"மீன் குழம்பு வைக்கலாமா?"

பிரஷரில் வேண்டாம். கடலூர் முதுநகரில் காலையில் வாங்கி வந்த சங்கராவோ வஞ்சிரமோ கொதிக்கிற குழம்பில் அஞ்சு, ஏழு நிமிடத்தில் வெந்துவிடும். இந்தக் குக்கருக்கு அழுத்தம் ஏறவே பத்து நிமிடம் வேண்டும். திறக்கும்போது முள்தான் இருக்கும். நண்டு, இறாலுக்கும் இதே பதில். மண்சட்டியை எடுத்து அடுப்பில் வையுங்கள், குழம்பு சுண்டி எண்ணெய் பிரிந்து மேலே நிற்கிற அந்தப் பக்குவம் மூடி பூட்டிய பாத்திரத்தில் எந்தக் காலத்திலும் வராது.

"ஸ்லோ குக் பட்டன்ல ராஜ்மா போட்டுட்டு ஆபீஸ் போகலாமா?"

கூடாது, இது ருசி சம்பந்தப்பட்டது இல்லை. ராஜ்மாவில் பைட்டோஹீமாக்ளுட்டினின் என்ற நச்சுப் பொருள் உண்டு. நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும், மெதுவாகச் சூடாக்கும் மோடில் கொதிநிலைக்கு வராமல் போகலாம், அரைகுறையாக வெந்த ராஜ்மா வாந்தியும் வயிற்றுப்போக்கும் கொண்டுவரும். இரவு ஊற வைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் பிரஷரில் 20 நிமிடம் வையுங்கள்.

"ராத்திரியே எல்லாம் போட்டு டைமர் வச்சுட்டா காலையில ரெடியா இருக்குமே?"

அரிசி, பருப்பு, காய்ந்த கடலை என்றால் வைக்கலாம், ஊறவும் நேரம் கிடைக்கும். ஆனால் சித்திரை வைகாசியில் ஏழெட்டு மணி நேரம் ஊறினால் அரிசித் தண்ணீர் புளித்துவிடும், அப்போது நாலு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். கறி, கோழி, முட்டை, பால் சேர்த்தது எதையும் டைமரில் விடாதீர்கள். 32 டிகிரிக்கு மேல் உள்ள வெயில் நாளில் பச்சைக் கறி ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே இருக்கக் கூடாது.

சமைத்த பிறகு சூடாக வைக்கும் மோட் 60 டிகிரிக்கு மேலேயே வைத்திருக்கும், மதியம் வரை சோறு கெடாது. கரண்டை அணைத்துவிட்டு மூடியபடியே சாயங்காலம் வரை விடுவதுதான் ஆபத்து. வெதுவெதுப்பில் சோற்றில் கிருமி பெருகும், அதன் நஞ்சு திரும்பச் சூடு பண்ணினாலும் போகாது.

"இட்லி ஊத்தலாமா?"

ஊற்றலாம். உள்ளே நுழைகிற அளவு இட்லித் தட்டு, ரெண்டு டம்ளர் தண்ணீர், ஸ்டீம் மோட், வால்வைத் திறந்தே வைக்க வேண்டும். அழுத்தம் கட்டாததால் பல மாடலில் குக்கரின் நேரம் ஓடாது, ஆவி நன்றாக வந்ததிலிருந்து போனில் 12 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள்.

"மட்டன் வாடை ரப்பர்லயே நிக்குது, பாயசத்துலயும் அடிக்குது."

அது சிலிக்கான், வாடையைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காய வைத்தால் குறையும், முழுசாகப் போகாது. ரெண்டு ரப்பர் வாங்கி, ஒன்று கறிக்கு, ஒன்று பால் சமாச்சாரத்துக்கு என்று பிரித்துவிடுங்கள். ஒவ்வொரு தடவையும் ரப்பரைக் கழற்றித்தான் கழுவ வேண்டும், மூடியைத் தலைகீழாக வைத்துக் காற்றாட விடவும். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் மாற்றவும்.

"உள்பாத்திரம் வைக்க மறந்து அரிசியும் தண்ணியும் நேரா ஊத்திட்டாங்க அம்மா. என்ன பண்றது?"

எங்கள் வீட்டிலும் நடந்தது. பாத்திரம் கழுவும் தொட்டியில் இருந்தது, உள்ளே வெள்ளையாகத் தெரிந்ததைப் பாத்திரம் என்று நினைத்து அம்மா ரெண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டார். முதலில் சுவிட்சை அணைத்து ப்ளக்கைப் பிடுங்குங்கள், தண்ணீரைக் கவிழ்த்து ஊற்றுங்கள், போட்டுப் பார்க்கிற ஆசையே வேண்டாம். கவிழ்த்தபடி வெயிலில் வைத்தாலும் உள்ளே போர்டில் ஈரம் நிற்கும், மெக்கானிக் அடித்தட்டைக் கழற்றிக் காய வைப்பதுதான் சரி. எங்களுக்கு அப்படித்தான் பிழைத்தது. அன்றிலிருந்து பாத்திரம் கழுவும்போது மூடியைக் குக்கர் மேல் வைப்பதில்லை, ஒரு தட்டைக் கவிழ்த்து வைக்கிறோம், தட்டு இருந்தால் பாத்திரம் உள்ளே இல்லை என்று அர்த்தம்.

கழுவிய பாத்திரத்தின் வெளிப்பக்கத்தைத் துடைத்த பிறகே உள்ளே வைக்கவும். ஹீட்டர் தட்டில் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும் சூடு சரியாகச் சேராது.

"கரண்ட் பில் எகிறிடாதா?"

1000 வாட் ஒரு மணி நேரம் முழுக்க ஓடினால்தான் ஒரு யூனிட். இதில் சூடேறுகிற பத்துப் பதினைந்து நிமிடம்தான் முழு வேகம், அப்புறம் விட்டு விட்டு எடுக்கும். ஒரு வேளை சோறும் பருப்பும் கால் யூனிட்டை ஒட்டித்தான் வரும். தமிழ்நாட்டில் குறிப்பிட்ட யூனிட் வரை இலவசம், அதற்கு மேல் எந்த அடுக்கில் இருக்கிறீர்கள் என்று உங்கள் மின் கணக்கு அட்டையைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் கட்டண அடுக்கு வேறு.

"பாதியில கரண்ட் போனா? இன்வெர்ட்டர் இருக்கு."

வீட்டு இன்வெர்ட்டர் இதைத் தாங்காது, சமையலறை சாக்கெட்டை அதோடு சேர்க்காதீர்கள். பின் ஏறிய பிறகு கரண்ட் போனால் மூடியைத் தொடாமல் விடுங்கள், உள்ளே இருக்கிற சூட்டில் அரிசி பெரும்பாலும் வெந்துவிடும். கரண்ட் வந்ததும் சில மாடல் விட்ட இடத்திலிருந்து தொடரும், சிலது முதலிலிருந்து கேட்கும், உங்களுடையது எது என்று அந்தத் தண்ணீர்ப் பரீட்சையின்போதே பாதியில் சுவிட்சை அணைத்துப் பார்த்து வையுங்கள். கறி பாதியில் நின்று அரை மணிக்கு மேல் கரண்ட் வரவில்லை என்றால் அடுப்புக்கு மாற்றவும்.

"அப்போ பழைய குக்கரை எடைக்குப் போட்டுடலாமா?"

போடாதீர்கள். 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கடலூருக்கும் பாண்டிக்கும் நடுவில் கரை ஏறியபோது நாள் கணக்கில் கரண்ட் இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் பாண்டிப் பக்கம் வந்தபோது இந்த எலக்ட்ரிக் குக்கர் எங்கள் வீட்டு மேடையில் சும்மாதான் உட்கார்ந்திருந்தது, தெருவில் முழங்கால் தண்ணீர், பழைய 5 லிட்டர் அடுப்புக் குக்கரில்தான் பக்கத்து வீட்டுக்கும் சேர்த்துப் பொங்கல் வைத்தோம். அதனால் ஐப்பசி பிறப்பதற்கு முன்பே அதைப் பரணிலிருந்து இறக்கி, புது கேஸ்கட் போட்டு, வெயிட்டின் துளையில் ஊசி விட்டுப் பார்த்து, ஒரு தடவை பருப்பு வைத்துப் பார்த்துவிட்டு, கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிடுகிறேன்.